சின்னய்யாவின் வாக்குமூலம்

செங்காநத்தம் அரண்மனைத் தோட்டத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் முதல் வெடிச்சத்தத்துக்கு நிமிரவில்லை. தை மாதக் கடைசி. ஈரம் போய் மண் இறுகிக் கிடந்தது. செடியின் தூரைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டி இளக்கித்தான் இழுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் காய் அறுந்து உள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய காயைச் செவந்தி விரலால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் மண் ஏறி விண்ணென்று வலித்தது.

மலையடிக் காட்டில் விடிந்ததிலிருந்து தகரச் சத்தம் கேட்டபடி இருந்தது. திருச்சியிலிருந்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்திருந்தார். அரண்மனையில் வேட்டை என்றால் கீழத்தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் போயாகவேண்டும். காட்டின் ஒரு தலைப்பில் வரிசையாக நின்று தகரத்தைத் தட்டிக் கூச்சலிட்டுக்கொண்டே நடப்பார்கள். மானும் பன்றியும் மிரண்டு எதிர்த்தலைப்புக்கு ஓடும். அங்கே பரண்மேல் துப்பாக்கிகள் காத்திருக்கும். கூலி கிடையாது. வராதவனைப் புளியமரத்தில் கட்டிவைப்பார்கள். இந்தத் தடவை செவந்தியின் வீட்டிலிருந்து அவள் புருஷன் கருப்பன் போயிருந்தான். கருப்பனின் தம்பி நாகராசு போன வருஷம் கல்யாணமாகித் தனிக்குடிசை போட்டுக்கொண்டதால் அதுவும் தனி வீடாகி, அவனும் போயிருந்தான்.

இரண்டாவது வெடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் தகரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

“என்னடி, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றாள் பக்கத்துப் பாத்தியிலிருந்த அமராவதி.

செவந்தி இடுப்பில் கையை ஊன்றி எழுந்து காட்டுப்பக்கம் பார்த்தாள். வரப்புவழியே நாலு பேர் ஒரு வேட்டியின் நுனிகளைப் பிடித்து எதையோ தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவன் நாகராசு. அவள் கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள்.

கருப்பனின் வலது விலாவுக்குக் கீழே ஒரு துவாரம். சுண்டுவிரல்கூடத் தாராளமாக நுழையாது. அதிலிருந்து ரத்தம் கசிந்து வேட்டியை நனைத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் காக்கிக் கால்சட்டையும் பூட்ஸுமாக ஒருவர் வந்தார். தலையில் தொப்பியில்லை, கையில் துப்பாக்கியில்லை. ஜமீன்தாரின் ஒரே மகன் ரெங்கராஜ். காலேஜ் படிப்பு முடித்துத் திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஊருக்கு அவர் சின்னய்யா. சட்டையின் முன்பக்கமெல்லாம் கருப்பனின் ரத்தம்.

அரண்மனை முற்றத்தில் கார் நின்றது. அதன் பின்பக்கத்தில் டிரைவரும் இரண்டு வேலைக்காரர்களும் ஒரு புள்ளிமானைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கருப்பனைத் தரையில் கிடத்தினார்கள். செவந்தி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அப்பா, காரைக் குடுங்க. பெரியாஸ்பத்திரிக்கு முக்கா மணி நேரத்துல கொண்டு போயிரலாம்” என்றார் ரெங்கராஜ்.

ஜமீன்தார் படியிலிருந்து இறங்கவில்லை. “தொரைக்கு ரெண்டு மணிக்கு ரயிலு. மானையும் அவரோட அனுப்பணும். வெயிலு ஏறிருச்சுன்னா கறி கெட்டுப்போகும்.”

“ஆள் செத்துப்போவான்ப்பா!”

“மெதுவாப் பேசு. வெளியாள் இருக்காக. வண்டி பூட்டச் சொல்லியிருக்கேன்ல?”

ரெங்கராஜ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் தலையைக் குனிந்தபடி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். கார் போனபிறகுதான் மாட்டுவண்டி வந்தது.

புதுக்கோட்டைக்குப் பன்னிரண்டு மைல். செவந்தி மடியில் கருப்பனின் தலையோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நாகராசு தலைத்துண்டைச் சுருட்டி விலாவில் அழுத்திப் பிடித்திருந்தான். பின்னால் ரெங்கராஜ் நடந்து வந்தார். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் கருப்பன் பல்லைக் கடித்தான். ஒரு தடவை மட்டும் பேசினான். “அந்தக் கடலைய ஆஞ்சு முடிச்சிட்டியா?” என்றான். “முடிச்சிட்டேன்” என்றாள். ஐந்தாவது மைலில் ஒரு கண்மாய்க்கரையில் ஏறும்போது அவன் கழுத்து மடியில் சரிந்தது. அவள் வண்டிக்காரனிடம், “திருப்புங்கண்ணே” என்றாள். ரெங்கராஜ் நடுரோட்டில் நின்றிருந்தார். வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு திரும்பியது.

மூன்றாம் நாள் காரியஸ்தர் ஆவுடையப்ப பிள்ளை கீழத்தெருவுக்கு வந்தார். தெருவுக்குள் நுழையாமல் முகப்பிலேயே நின்றுகொண்டார். தலையாரி வீடு வீடாகப் போய் வேட்டைக்குப் போனவர்களைக் கூட்டிவந்தான். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளை வாசிக்கவில்லை. மை டப்பாவை மட்டும் திறந்து நீட்டினார். நாற்பது பேரும் வரிசையாக வந்து கட்டைவிரலை வைத்துவிட்டுப் போனார்கள். நாகராசுவும் வைத்தான். கடைசியில் செவந்தியைக் கூப்பிட்டார்.

“என்னங்கய்யா எழுதியிருக்கு?”

“பன்னி குத்திச் செத்தான்னு எழுதியிருக்கு. வேற என்னத்த எழுதுறது? பெரியய்யா மனசு வச்சு ஒனக்குக் கண்மாய்க்கரையில ஒரு துண்டு நெலம் குடுக்கச் சொல்லியிருக்காக. வெரல வையி.”

“பன்னிக் கொம்பு வகுந்துல்ல போகும். இது ஓட்டை.”

“ஏ புள்ள, நீ என்ன டாக்டரா?”

“குளுப்பாட்டுனது நான்தான்” என்றாள் செவந்தி. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பிள்ளை மை டப்பாவை மூடினார். மறுநாளிலிருந்து அவளுக்குத் தோட்டத்தில் வேலையில்லை என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் மத்தியானம் ரெங்கராஜ் வந்தார். கால்நடையாக வந்தார், நாலு முழ வேட்டி, மேலே ஒரு துண்டு, காலில் ஒன்றுமில்லை. அவர் தெருவுக்குள் நுழைந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ஒதுங்கினார்கள். செவந்தி மட்டும் குடிசை வாசலிலிருந்து எழவில்லை.

“உங்க வீட்டுக்காரரச் சுட்டது நான்தான்” என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ‘உங்க வீட்டுக்காரர்’ என்று சொல்கிற அரண்மனைக்காரர் ஒருவரை அவள் பார்த்ததில்லை. அதற்கு அப்புறம்தான் சொன்ன சேதியின் மீதி உறைத்தது.

“எனக்கு வேட்டை புடிக்காது. தொரை முன்னால ஒரு மானாச்சும் நீ அடிக்கணும்னு அப்பா சொன்னாரு. புதரு அசைஞ்சுச்சு, சுட்டுட்டேன். அரண்மனைய விட்டு வந்துட்டேன். இனி போக மாட்டேன்.”

“அத எங்கிட்ட எதுக்குச் சொல்றீக?” செவந்தியின் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “நான் என்ன கோர்ட்டா? ஒங்க மனப்பாரத்த எறக்கி வைக்க எங்க வாசப்படிதான் கெடச்சுச்சா? சுட்டவரு நீங்கதான்னா டேசன்ல போயிச் சொல்லுங்க. எழுதிக்கிறட்டும். அதுக்கப்பறம் வாங்க.”

அமராவதி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். செவந்தி கையைத் தட்டிவிட்டாள்.

“நேத்தே போனேன்” என்றார் ரெங்கராஜ். “காப்பி வாங்கிக் குடுத்தாங்க. நான் சொன்னதெல்லாம் கேட்டாங்க. அப்பறம் கார வரவழைச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஒரு எழுத்து எழுதல. நீங்க வந்து பிராது குடுத்தா எழுதித்தான் ஆகணும். வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கூலியில்லாமப் புடிச்சுட்டுப் போறதையும் சேத்து எழுதச் சொல்லலாம். சுட்டவனே சாட்சி சொல்ல வாரேன். என்னைய ஜெயில்ல போட்டாத்தான் அடுத்த வேட்டைக்கு இன்னொருத்தன் துப்பாக்கி எடுக்கும்போது கை நடுங்கும்.”

செவந்தி யோசித்தாள். இந்த மனிதர் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. பக்கத்தில் நிற்பதே உடம்பைக் கூசவைத்தது. ஆனால் ஊரில் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

“மதினி, நானும் வாரேன்” என்றான் நாகராசு. அவன் கட்டைவிரலில் இன்னும் மை இருந்தது. “என்ன எழுதியிருக்குன்னு தெரியாமத்தான் வெரல வச்சேன்னு சொல்லுறேன்.”

போலீஸ் ஸ்டேஷன் ஏழு மைல். மூன்று பேரும் நடந்தார்கள். ரெங்கராஜின் பாதம் முதல் மைலிலேயே கொப்பளித்துவிட்டது. பின்னால் வந்த நாகராசு சாலை ஓரத்துப் புழுதியைக் காட்டி, “இங்கிட்டு நடங்க சாமி, கல்லு குத்தாது” என்றான்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். எழுத்தர் எழுந்தார். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேரும் காலை அடித்துச் சலாம் வைத்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். செவந்தியும் நாகராசும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ரெங்கராஜ் நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சின்னய்யா, தயவுசெஞ்சு மேல உக்காருங்க” என்றார் இன்ஸ்பெக்டர். அவரும் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தார். “யாராச்சும் பாத்தா என் உத்தியோகம் போயிரும்.”

“எழுதுங்க. உக்காருறேன்.”

“எதங்க எழுதுறது? பன்னி குத்திச் செத்தான்னு நாப்பது பேரு ரேகை வச்சிருக்கான்.”

“நாப்பது பேருக்கும் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நான் சுட்டேன்.”

“நீங்க மனசொடிஞ்சு பேசுறீங்க. நீங்க கெளம்புனதுமே அரண்மனையிலருந்து சேதி வந்துருச்சு, பெரியய்யா டாக்டரோட கார்ல வந்துக்கிட்டிருக்காக.” இன்ஸ்பெக்டர் செவந்தி பக்கம் திரும்பினார். குரல் மாறியது. “ஏய், எந்திரிச்சு வெளிய போ. நீ இங்கன குந்தியிருக்கதாலதான் அவுக தரையில உக்காந்திருக்காக.”

செவந்தி எழுந்து வெளியே போனாள். நாகராசும் போனான். வாசலில் நிழலே இல்லை. வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். ரெங்கராஜ் வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். உடனே கான்ஸ்டபிள் ஒரு குடையை எடுத்துவந்து அவர் தலைக்குமேல் விரித்துப் பிடித்தான். ரெங்கராஜ் நகர்ந்தார், குடையும் நகர்ந்தது. அவர் செவந்தியை ஒட்டி உட்கார்ந்தபோது அவள்மேல் நிழல் விழாதபடி கான்ஸ்டபிள் குடையைச் சாய்த்தான்.

ரெங்கராஜ் அந்தச் சாய்ந்த குடையைப் பார்த்தார். எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனார். தனக்காகப் போட்டிருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். ஒரு கால் முறிந்து எகிறியது. மறுபடியும் அடித்தார். சாய்மானம் பிளந்தது.

“இப்ப எழுதுவீங்கள்ல? சர்க்கார் சாமான். நான்தான் ஒடச்சேன். எழுதுங்க!”

செவந்தியும் நாகராசும் பதறிப்போய் வாசற்படிக்கு ஓடிவந்தார்கள். இன்ஸ்பெக்டர் முறிந்த நாற்காலியைப் பார்த்தார். ரெங்கராஜைப் பார்த்தார். அப்புறம் வாசற்படியில் நின்ற நாகராசுவை மெதுவாக, மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். எழுத்தருக்குக் கண்ணைக் காட்டினார்.

எழுத்தர் பேனாவை மையில் தோய்த்தார். “உள்ள வாப்பா. ஒம் பேரு என்ன?”

நாகராசுவின் முகம் மலர்ந்தது. பிராதை எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்துத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனான். “நாகராசுங்க.”

“தகப்பன் பேரு?”

“இருளாண்டிங்க. செத்தவன் எங்கூடப் பெறந்த அண்ணன்.”

“எந்த ஊரு?”

“செங்காநத்தம், கீழத்தெருங்க.”

“கைய நீட்டு.”

ரேகை வைக்கத்தான் என்று நினைத்து அவன் கட்டைவிரலை முன்னால் விட்டு நீட்டினான். கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினான். எழுத்தர் எழுதியதை இன்ஸ்பெக்டருக்குப் படித்துக் காட்டினார்: “மேற்படி நாகராசு என்பவன் ஸ்டேஷனுக்குள் அத்துமீறிப் புகுந்து, சர்க்கார் நாற்காலி ஒன்றை உடைத்துச் சேதப்படுத்தி...”

“அவன் ஒடைக்கல! நான் ஒடச்சேன்!” ரெங்கராஜ் மேஜையைக் குத்தினார். மைக்கூடு கவிழ்ந்தது. “உங்க கண்ணு முன்னாலதானய்யா ஒடச்சேன்!”

எழுத்தர் கவிழ்ந்த மைக்கூட்டை நிமிர்த்தினார். காகிதத்தைப் பார்த்தார், இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதத் தொடங்கினார்.

செவந்தி முதல் முறையாக ரெங்கராஜின் கையைப் பிடித்தாள். பிடித்து மேஜையிலிருந்து இழுத்தாள்.

“சும்மா இருங்க சாமி” என்றாள். “ஒங்க கால்ல விழுறேன், சும்மா இருங்க. நீங்க அசைய அசைய அவன் தலையிலதான் எழுதுறாக.”

நாகராசுவைக் கம்பிக்குள் தள்ளிப் பூட்டினார்கள். அவன் இன்னமும் புரியாமல், “மதினி, அண்ணன் பேர எழுதுனாகளா?” என்று கேட்டான். வெளியே காரின் ஹாரன் சத்தம் கேட்டது. ரெங்கராஜ் நடு அறையில் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

கான்ஸ்டபிள் உள்ளறையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்தான். துண்டால் நன்றாகத் துடைத்தான். அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் வைத்தான்.