பெரியவர் எட்டிப் பார்த்த சர்வர்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர் யார் என்று கேட்டால் நம் பெரியவரைத்தான் காட்ட வேண்டும். மனைவியின் தங்கை புருஷன் வேலையில்லாமல் இருக்கிறாரே என்று, தான் கணினி பார்த்துக்கொள்ளும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே முதலாளி மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். சகலைகள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் என்றானதும், ஊழியர்கள் இவரைப் பெரியவர் என்றும் அவரைச் சின்னவர் என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏழே மாதம். இப்போது மேடம் எதற்கெடுத்தாலும் "சின்னவரக் கேளுங்க" என்கிறார். வீட்டுக்குப் போனால் மனைவியும் சின்னவர் புராணம்தான் பாடுகிறாள். மனிதருக்கு வயிறு எரியுமா, எரியாதா?

கணினிப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப்போவதாக மேடம் சொல்லியிருந்த நேரம் அது. பத்து வருடமாக அந்த நாற்காலியைக் கண்ணால் தின்றுகொண்டிருந்தார் பெரியவர். அன்று காலை, ரிப்போர்ட் அச்சிடும் பழைய மென்பொருளைக் கூடத்துக்கே பொதுவான சர்வர் கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பதினொரு மணிக்கு ஆட்கள் ரிப்போர்ட் வாங்க வந்துவிடுவார்கள். அந்த வேலையைச் சின்னவரிடம் கொடுத்துவிட்டு, பெரியவரை முன்கூடத்துப் பிரிண்டரைப் பார்க்கச் சொன்னார் மேடம். பிரிண்டரை!

பிரிண்டருக்கு ஒரு கேடும் இல்லை. பெரியவர் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து, அங்கிருந்தே தன் கணக்கில் சத்தமில்லாமல் சர்வருக்குள் நுழைந்தார். எதையும் தொடும் எண்ணமில்லை. அதில் திரைக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ் என்கிற நிரல்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, சகலை எங்கே வழுக்கி விழுகிறார் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

ஆசை வீண்போகவில்லை. அரை மணி நேரமாகியும் பழைய மென்பொருளின் சர்வீஸ் பட்டியலை விட்டு நகரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தார், டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார், கேன்சல் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்யவும் முடியாது, மெஷின்களிலிருந்து முடிவுகள் அதே சர்வரில்தான் வந்து விழுந்துகொண்டிருந்தன. மேடம் அவர் பக்கத்திலேயே நின்றார். பெரியவருக்கு வெகுநாள் கழித்து நன்றாக மூச்சு விட முடிந்தது.

பத்தேகாலுக்கு மேடம் கதவைத் திறந்து கூப்பிட்டார். "பெரியவரே, கொஞ்சம் வந்து பாருங்க. பாதியிலயே நிக்குது."

பெரியவர் அவசரப்படாமல் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சின்னவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் ஃபைலின் கடைசி வரியைப் படித்தார் பெரியவர். பழைய சர்வீஸ் நீக்குவதற்குக் குறிக்கப்பட்டிருக்கிறது, இன்னும் நீங்கவில்லை.

இந்த வியாதியை அவர் முன்பே பார்த்திருக்கிறார். சர்வீஸ் பட்டியலை யாராவது ஒருவர் திறந்து வைத்திருந்தால் போதும், பழையது போகாது. பழையது போகாமல் புதியது உட்காராது. இன்றைக்கு அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புண்ணியவான் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம் மேடம். என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு செக் பண்ணிட்டு வரேன்."

போய்ப் பட்டியலை மூடினார், சர்வரிலிருந்து வெளியேறினார், திரும்பி வந்தார். சின்னவர் திரையில் பாதியில் நின்றிருந்த பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அனுபவம்னா இதுதான்!" என்றார் மேடம். "இனிமே இந்தப் பிரிவு உங்க பொறுப்பு. நாளைக்கே ஆர்டர் போட்டுடறேன்."

பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. சின்னவர் பக்கம் திரும்பி, பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தார். சின்னவர் சிரித்துக்கொண்டே, "வாங்கண்ணே, காபி குடிக்கலாம்" என்றார்.

காபி மெஷின் முன்னால் அவர்கள் இருவர்தான். பெரியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இதெல்லாம் போகப் போகத்தான் மாப்ளே பிடிபடும்."

"காரணம் எனக்கு ஒன்பதரைக்கே தெரிஞ்சிருச்சுண்ணே" என்றார் சின்னவர், குரலைத் தாழ்த்தி. "மேடம் கொஞ்சம் அந்தப் பக்கம் போனப்ப, சர்வர்ல யார் யார் இருக்காங்கன்னு பாத்தேன். உங்க பேர் இருந்துச்சு."

பெரியவர் கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. "அப்ப... என்னை சர்வர்லருந்து வெளிய தள்ளியிருக்கலாமே?"

"திரையில உங்க பேர் பளிச்சுன்னு வருமேண்ணே. அதுக்குள்ள மேடம் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க. அதான் தெரியாத மாதிரி முழிச்சுட்டு, உங்களக் கூப்பிடச் சொன்னேன்." ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "தொடச்சுக்கோங்க. கறை ஆயிடும்."

அந்த முகத்தில் எங்காவது ஒரு துளி கள்ளம் இருக்காதா என்று பெரியவர் தேடினார். இருந்திருந்தால் பிழைத்திருப்பார். நாற்காலியைப் பார்த்துப் பட்ட பொறாமைக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. இந்த மனசைப் பார்த்துப் படும் பொறாமைக்கு எந்த மேடத்திடம் போய் ஆர்டர் வாங்குவது?