மூடிய சரிவுக்காக வந்த சட்டிகள்

சந்தை சீக்கிரமே கலைந்துவிட்டதால் இத்தோ கழுதையைக் குறுக்கு வழியில் ஓட்டிக்கொண்டு வந்தாள். சரிவின் அடிவாரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். முள்வேலியை விலக்கிப் பிடித்தபடி, தன் ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டுக்கொண்டிருந்தாள் ரக்கியா.

மொட்டையாகக் கிடந்த அந்தச் சரிவில் எண்ணெய்க் கொட்டை தரும் ஆர்கான் மரக்கன்றுகளை நட்டவர்கள் ஊர்ப் பெண்கள். தலைவி இத்தோ, அவளோடு சேர்ந்து முதல் குழி வெட்டியவள் இதே ரக்கியா. கன்று தலையெடுக்கும்வரை சரிவு மூடல், ஒரு ஆடும் உள்ளே போகாது என்று எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள். வசந்தத்துக்குள் தழைக்காவிட்டால் சரிவு பழையபடி மேய்ச்சலுக்குத்தான் என்று ஆண்கள் சபை கறாராகச் சொல்லியிருந்தது. இப்போது பாதிக் கன்றுகள் வெறும் குச்சி.

"பாவி! உன் கையால தண்ணி ஊத்துன செடிடி!"

"மழையே இல்ல, பாலு வத்திப்போச்சு. குட்டி கண்ணு முன்னால சாகுது இத்தோ. நான் என்ன பண்ண?"

"என் வீட்லயுந்தான் ஆடு இருக்கு. ரெண்டு வேளையும் கறக்கலையா? மனசு சுத்தமா இருந்தா அல்லா குடுப்பான்!"

ரக்கியா என்னவோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினாள். "சரி தாயே. விருந்து வைக்கிறேன், போ."

அதுதான் வழக்கம். மூடலை மீறியவள் குஸ்குஸ் என்ற கோதுமை ரவைச் சோறு சமைத்துச் சபை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஊர் உட்கார்ந்து தின்றால் குற்றம் தீர்ந்தது. மற்றவர்கள் வெறுங்கையோடுதான் வருவார்கள். தப்பு செய்யாதவள் அன்றைக்குச் சட்டி தூக்குவதில்லை.

வெள்ளிக்கிழமை இத்தோ முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். கூடப்பிறந்தவளாக நினைத்தவள் கழுத்தறுத்துவிட்டாளே என்று பொருமினாள். ரக்கியாவோ சட்டியை இறக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடக் கன்று நட்டவர்களில் ஹென்னு முதலில் வந்தாள். கையில் சட்டி.

"உனக்கென்னடி வந்துச்சு? இன்னிக்குப் போயி சட்டியத் தூக்கிட்டு வர்ற?" என்றாள் இத்தோ.

ஹென்னு ரக்கியாவின் சட்டிக்குப் பக்கத்தில் தன் சட்டியை இறக்கினாள். பின்னாலேயே யமினா, அவளும் சட்டியோடு. கன்று வாங்க நகரம்வரை கூட வந்த ஸஃபியாவும் அப்படித்தான் வந்தாள். தரையில் இடமில்லாமல் போனது.

"எல்லாருமாடி?" இத்தோ எழுந்து நின்றாள். "நான் சந்தைக்குப் போற நாளாப் பாத்தா?"

கடைசியாக அவளுடைய மருமகள் இஜ்ஜா வந்தாள். அவள் இடுப்பில் இருந்தது இத்தோவின் சொந்தச் சட்டி.

"நம்ம ஆடுந்தான் அங்க மேஞ்சுச்சு அத்தை," என்றாள் இஜ்ஜா. "காலையில நீங்க குடிச்ச மோர் பின்ன எங்கருந்து வந்துச்சு?"

ருசியாக இருக்கிறதென்று இன்னொரு குவளை கேட்டு வாங்கிக் குடித்திருந்தாள் இத்தோ.