மண்டபத்தில் நாள் பிறக்கும் நேரம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தி.நகர் துணிக்கடைக்காரர்களுக்குத் தலைகால் புரியாது. கல்யாண மண்டபக்காரர்களுக்கோ ஈ ஓட்டுவதுதான் வேலை. மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்து பிழைக்கும் ஆழ்வார்பேட்டைக் கம்பெனிக்கு அந்த ஈயும் கிடையாது. ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில், நெய் வாசனைக்கு நடுவே, பதினோரு பேர் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் அடிக்கவில்லை. எந்த மேனேஜரும் கூப்பிட்டுத் திட்டவில்லை. இப்படிச் சும்மா இருக்கும்போதுதான் மனிதனுக்கு உலகத்தைத் திருத்தும் ஆசை வரும். முதலாளி சுப்பராமனுக்கு வந்தது.

"நாம எல்லாரும் சேர்ந்து ஒரு பிளாக் ஆரம்பிக்கறோம்," என்றார். "நன்னா புரோகிராம் எழுதறது எப்படின்னு ஆளுக்கு ஒரு கட்டுரை. தமிழ்ல. அதைப் படிச்சுட்டு நல்ல பசங்களா வேலை கேட்டுண்டு வருவா பாருங்கோ."

நன்றாகப் புரோகிராம் எழுதுவது எப்படி என்று அந்த ஆபீசில் யாருக்காவது தெரியுமா என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் கட்டுரையையும் கேட்டவர் தலையில் கட்டிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியர் பொறுப்பு சாருலதாவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதை எப்போதோ வாய்தவறிச் சொன்ன பாவம். மயிலாப்பூர்ப் பெண், வயது இருபத்தொன்பது, முன்பதிவு மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவள். கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் நன்றாகவே தெரியும், அங்கேதான் வம்பு.

முதல் கட்டுரையை சுஹாஸ் கொடுத்தான். புரோகிராமில் தகவலைப் போட்டுவைக்கும் பெட்டிகளுக்கு அர்த்தமுள்ள பெயர் வைக்க வேண்டும் என்று எட்டுப் பக்கம். அவன் எழுதிய புரோகிராமில் பெட்டிகளின் பெயர்கள் 'டெம்ப்', 'டெம்ப் இரண்டு', 'பைனல்', 'நிஜமாகவே பைனல்' என்று வரிசையாகப் போகும். சாருலதா அதைச் சுட்டிக்காட்டியபோது, "ஊருக்குத்தானே உபதேசம், எனக்கா?" என்று சிரித்தான்.

எந்தக் கட்டுரையையும் வேறு இரண்டு பேர் படித்துச் சரி என்று சொன்னால்தான் வெளியிடலாம் என்று ஒரு விதியைப் போட்டார்கள். அதில் ஒருவர் எப்போதும் சுப்பராமன். அவர் தலைப்பைப் பார்ப்பார், கீழே 'பேஷ்' என்று எழுதுவார், காபி குடிக்கப் போய்விடுவார். கட்டுரைக்கு மட்டுமல்ல, வருஷக்கணக்காக எல்லாப் புரோகிராமுக்கும் அவர் பார்த்த பரிசோதனை அவ்வளவுதான்.

ஆடியில் ஆரம்பிப்பதா என்று அவரே நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆவணி முதல் வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார். சுஹாஸ் பதறிப்போனான்.

"சார், வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடக் கூடாது சார். உலகம் பூரா புரோகிராமர்களுக்கு அதுதான் சாஸ்திரம். உடைஞ்சுதுன்னா சனி, ஞாயிறு உக்காந்து ஒட்டணும்."

"வெள்ளிக்கிழமை மகாலட்சுமிடா. பத்தரைக்கு மேல ராகுகாலம், அதுக்குள்ள முடிச்சுடணும். உன் சாஸ்திரம் எத்தனை வருஷத்துப் பழசு? என்னோடது எத்தனைன்னு நினைச்சே?"

சாஸ்திரச் சண்டை அதோடு முடிந்தது. பிறகு சுப்பராமன் சாருலதா பக்கம் திரும்பினார்.

"நீ தப்புலேர்ந்து பாடம் கத்துக்கறது பத்தி எழுது. அந்த ரெட்டைக் கல்யாணக் கதை இருக்கே, அதைப் போடு. படிக்கறவா விழுந்து விழுந்து சிரிப்பா."

சாருலதா தலைப்பை மட்டும் குறித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

கதை இதுதான். போன வருஷம் தை மாதம், தி.நகரில் ஒரு மண்டபம். ஒரே சாயங்காலம் இரண்டு மாப்பிள்ளைகள் அலங்கரித்த கார்களில் வந்து ஒரே வாசலில் இறங்கினார்கள். ஒருவருக்கு மறுநாள் காலை முகூர்த்தம், அன்று மாப்பிள்ளை அழைப்பு. இன்னொருவருக்கு அன்று வரவேற்பு. இருவர் கையிலும் சாருலதாவின் மென்பொருள் கொடுத்த ரசீது. வாசலில் இரண்டு பன்னீர்ச் செம்பு, உள்ளே ஒரே அடுப்புக்கு இரண்டு சமையல் கோஷ்டி. மேடையில் மெல்லிசைக் குழு ஸ்பீக்கரைக் கட்ட, கீழே நாதஸ்வரக்காரர் விடாமல் ஊதினார். வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு பெரியப்பா மிக்சிப் பெட்டியைச் சம்பந்தமே இல்லாத மாப்பிள்ளையின் கையில் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்றுவரை அவருக்கு விஷயம் தெரியாது.

இப்படி ஆனதற்குக் காரணம் ரொம்பச் சின்னது. பன்னிரண்டாம் தேதி கல்யாணம் என்றால், மண்டபம் பதினொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கே கல்யாண வீட்டார் கைக்கு வந்துவிடும். மண்டபத்தில் நாள் மூன்று மணிக்குப் பிறக்கிறது. சாருலதா எழுதிய புரோகிராமில் நாள் நள்ளிரவில் பிறந்தது. அதனால் பதினொன்றாம் தேதி சாயங்காலம் காலியாக இருக்கிறது என்று நினைத்து, மென்பொருள் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டது.

மயிலாப்பூரில் பிறந்தவளுக்கு ஜானவாசம் என்கிற மாப்பிள்ளை அழைப்பு தெரியாதா? பஜ்ஜிக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஆசைப்பட்டு எத்தனை ஜானவாசத்துக்குப் போயிருப்பாள்! தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று. புத்தகத்தில் நாள் நள்ளிரவில்தான் தொடங்குகிறது.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. அவளிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. சொன்னவன் சேரன். மென்பொருளை வெளியே அனுப்பும் முன் தட்டிப்பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை அவனுக்கு. அடையாற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து, நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பம். அவன் அம்மா தாயம்மா மண்டபச் சமையற்கட்டுகளில் காய் நறுக்கியவள். அவனும் காலேஜ் படிக்கும்போது பந்தி பரிமாறியவன். குறைப் பட்டியலில் எழுதியதோடு நில்லாமல் நேரிலும் வந்து சொன்னான்.

"இன்னா சாரு, மண்டபத்துல முந்தின நாள் மத்தியானமே சாவிய குட்த்துடுவாங்க. நீ ராத்திரி பன்னண்டுக்கு ஆரம்பிச்சிக்கினு கீற. ரெண்டு கல்யாணம் இட்ச்சிக்கும்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் எழுதியதற்குக் கீழே, 'பிழை அல்ல. மூடப்பட்டது' என்று தட்டினாள். படித்த திமிர். வேறு பெயர் கிடையாது அதற்கு.

இரண்டு மாப்பிள்ளைகள் விவகாரம் வெடித்த மறுநாள் மீட்டிங்கில் சுப்பராமன் மேஜையைத் தட்டினார். "டெஸ்ட் பண்ணினது யாரு?" சேரன் எழுந்தான். "நான்தான் சார். நான் சொன்னேன் சார்," என்று சாருலதாவைப் பார்த்தான். சாருலதா காபிக் கோப்பைக்குள் பார்த்தாள். அந்தக் காபியில் அப்படி என்ன இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. வாரக் கடைசியில் சேரன் வேலையை விட்டு அனுப்பப்பட்டான். இப்போது ஹோட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று கேள்வி.

ஆக, கட்டுரையை எழுதினாள். முதல் வரைவில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று ஒரு வாக்கியம் வந்தது. தவறு என்னவோ பஸ் பிடித்துத் தானே வந்து இறங்கியதுபோல. கட்டுரை அழகாக இருந்தது. சுஹாஸ் சிரித்தான். இப்படியே போயிருந்தால் இந்தக் கதையும் கிடையாது.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் சுப்பராமனுக்குப் போன் வந்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர். வேளச்சேரியிலிருந்து ஒரு கம்பெனிக்காரி, சேரனுக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ வைத்திருப்பதாகவும் ஆள் எப்படி என்றும் கேட்டாள்.

"யாரு, அந்த ரெட்டைக் கல்யாணம் பண்ணி வெச்சானே, அவனா?" சுப்பராமன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு கேட்டது. அப்படியானால் இன்டர்வியூவைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

"இவனை விசாரிக்கற மூணாவது கம்பெனி இது," என்றார் சுப்பராமன் பொதுவாக. அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்ல ஜோக் ஒன்று கிடைத்த சந்தோஷம் மட்டும்தான்.

சாருலதாவுக்கு அழுகை வந்தது. பாத்ரூமில் போய் அழுதாள், முகம் கழுவினாள், திரும்பி வந்து கட்டுரையை முதலிலிருந்து எழுதினாள். 'எங்கள் சோதனையாளர் முன்பே எச்சரித்தார். அதைப் படித்துவிட்டு மூடியவள் நான். அவர் வேலை போனபோது வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான். சாருலதா.' 'நாள் எப்போது தொடங்குகிறது?' என்று தலைப்பு வைத்தாள்.

சுஹாஸ் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். 'சரி' என்று போட்டான். சுப்பராமன் தலைப்பைப் பார்த்தார். "பஞ்சாங்க விஷயமா? பேஷ், பேஷ்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். குங்குமம் கீபோர்டில் கொட்டி 'ந' எழுத்து அழுந்த மறுத்தது. கற்பூரம் காட்டினார்கள். சுப்பராமன் தன் திருக்கரத்தால் பொத்தானை அழுத்த, பிளாக் உலகத்துக்கு வந்தது. கீழேயிருந்து மைசூர்பாகு வரவழைத்துக் கொடுத்தார்கள்.

சுஹாஸின் எட்டுப் பக்கத்தை நான்கு பேர் படித்தார்கள். சாருலதாவின் கட்டுரையை மத்தியானத்துக்குள் நாலாயிரம் பேர் படித்தார்கள். பாராட்டு கொட்டியது. 'என்ன துணிச்சல்!' 'இப்படி ஒரு நேர்மையா!' 'தலை வணங்குகிறேன் தோழி!' முகம் தெரியாதவர்கள் கைகூப்பினார்கள். ஒன்றரை வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது என்று அவளும் நம்பினாள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. மூன்று மணிக்கு ஒரு மெயில் வந்தது. வேளச்சேரிக் கம்பெனியிலிருந்து, அதே பெண். 'உங்களைப் போன்ற நேர்மையானவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் வந்து சேர விருப்பமா?'

சாருலதா இரண்டு தரம் படித்தாள். பிறகு, அவனிடம் பேசும் தைரியம் இப்போதாவது வந்ததே என்று சேரனுக்குப் போன் போட்டாள். அவனுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"கட்டுரை பாத்தியா?"

"படிச்சேன் மேடம். நல்லா எழுதிக்கீறீங்க."

மேடம். முன்பெல்லாம் சாரு என்றுதான் கூப்பிடுவான்.

"ஒரே ஒரு கொற கீது," என்றான். "சொல்லவா?"

"சொல்லு."

"தப்பு பண்ணவங்க பேரு கீது. கரீட்டா சொன்னவன் பேரு இல்ல. எங்கள் சோதனையாளர்னு போட்டுக்கீறீங்க. யாரு மேடம் அது?"

"உன் பேரைப் போட்டா உனக்கு ஏதாவது கஷ்டம் வந்துடப் போறதேன்னுதான் சேரன்..."

"கஷ்டம்லாம் ஒண்ணர வருசமா வந்துக்கினுதான் கீது. பேருதான் வர்ல."

பச்சை சிக்னல் விழுந்தது போலிருக்கிறது, வைத்துவிட்டான்.

மன்னிப்புக் கேட்ட கட்டுரையிலும் தன்னையே மணமேடையில் உட்கார்த்திவைத்திருக்கிறாள் என்பது சாருலதாவுக்கு நன்றாகப் புரிந்தது. மாலை மரியாதை எல்லாம் அவளுக்கு. வேலைகூட அவளுக்கு.

கட்டுரையைத் திறந்தாள். சோதனையாளர் என்று இருந்த ஏழு இடத்திலும் சேரன் என்று மாற்றினாள். அவன் எழுதிய எச்சரிக்கையை, பழைய பட்டியலிலிருந்து தேடி எடுத்து, அவன் வார்த்தையிலேயே தேதியோடு போட்டாள். கீழே தன்னுடைய மூன்று வார்த்தைப் பதிலையும் போட்டாள். யாரிடமும் சரி வாங்கவில்லை. வேளச்சேரிக்கு மெயில் அனுப்பினாள். 'நீங்கள் தேடும் ஆள் நான் இல்லை. பிழையைக் கண்டுபிடித்தவர் சேரன். அவருக்கு வைத்திருந்த இன்டர்வியூவைத் தயவுசெய்து நடத்துங்கள்.'

ஐந்து மணிக்குச் சுப்பராமன் வந்து நின்றார். ஊரார் போன் செய்து சொன்ன பிறகு, கம்பெனி வரலாற்றில் முதன்முறையாக ஒரு கட்டுரையை முழுக்கப் படித்திருந்தார்.

"அவன் பேரைப் போட்டா நாம அவனை அநியாயமா அனுப்பிச்சோம்னு ஆயிடாதோ?"

"ஆமாம் சார். அதானே நடந்தது."

"எடுத்துடு."

"மாட்டேன் சார். வேணும்னா நீங்களே எடுத்துடுங்கோ."

எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. சுஹாஸைப் பார்த்தார். சுஹாஸ் காபிக் கோப்பைக்குள் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்து, "நானும் மாட்டேன் சார்," என்றான். ஆவணி முகூர்த்தங்கள் திங்களிலிருந்து வரிசைகட்டி நின்றன. சாருலதாவைத் துரத்தினால் அந்த மென்பொருளின் இடியாப்பச் சிக்கலுக்குள் கைவைக்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது. நல்ல வழக்கங்களைக் கடைப்பிடிக்காததில் இப்படியும் ஒரு சௌகரியம். சுப்பராமன் முணுமுணுத்துக்கொண்டே போனார். போனவர் கதவருகில் நின்று, "நான் கொஞ்சம் விசாரிச்சிருக்கலாம்," என்று சுவரிடம் சொன்னார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சாருலதா லஸ் முனையில் ஆட்டோவுக்கு நின்றபோது போன் வந்தது. சேரன்.

"அந்த வேளச்சேரி மேடம் உங்க கட்டுரைய தொறந்து வெச்சிக்கினு, இது நீதானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க சாஃப்ட்வேர அங்கியே குட்த்து தட்டிப் பாக்க சொன்னாங்க. அரை மணி நேரத்துல பதினாலு கொற எட்த்து குட்த்தேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

சாருலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் கேட்கத் துடித்த மன்னிப்பை இப்போது கேட்டுவிடலாம் என்றும் தோன்றியது.

"சேரன், நீ என்னை..."

"வேணாம் மேடம்." குரலில் கோபம் இல்லை. "வேல கெட்ச்சிச்சு, சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன். நீங்க கேக்கப் போறது வேற. அத்த இப்ப எங்கிட்ட கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னாள்.