ரூம் போட்டாச்சு

விடுதிக்காரம்மாள் இரண்டு சாவிகளையும் மேஜைமேல் தள்ளிவிட்டு, "ரெண்டு ரூமா? நெசமாவே ரெண்டா?" என்று மூன்றாம் முறையாகக் கேட்டாள். மா சாங்கில் என்ற அந்த மனிதர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"வர்றது சம்சாரம்தானே?"

"ஆமாங்க."

"அப்ப சண்டையா?"

"தெரியலீங்க," என்றார். பொய் இல்லை. நான்கு மாதமாக அவருக்குத் தெரியாத விஷயமே அதுதான்.

முப்பத்தோரு வருடம் இச்சோனிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் லிஃப்ட் பழுதுபார்த்தவர் அவர். லிஃப்டில் சிக்கிய ஆட்களை மீட்டுவிட்டு எந்நேரம் வீடு திரும்பினாலும், மூடி போட்ட சோற்றுக் கிண்ணம் போர்வைக்குள் சூடாகக் காத்திருக்கும். எடுத்துச் சாப்பிடுவார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. மூன்று வேளையும் மனைவி ஒக்சுன், "இன்னிக்கு என்னங்க சாப்பிடலாம்?" என்று கேட்பாள். அவர், "எதுவானாலும் சரி" என்பார். மனைவிக்குச் சிரமம் வைக்காத நல்ல பதில் என்றுதான் மனிதர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை மதியம் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுவானாலும் சரின்னா, நான் இல்லாட்டியும் சரிதானே?" என்றாள். பழக்கதோஷத்தில் அதற்கும் அவர் "ம்" கொட்டிவிட்டார். மறுநாளே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தெற்குக் கோடியில் மோக்போவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் போன் செய்து கேட்டபோது, என்ன நடந்தது என்று அவரால் ஒழுங்காகச் சொல்லக்கூட முடியவில்லை. திட்டு இல்லை, அடி இல்லை, ஒரு "ம்"தான்.

அதன் பிறகு சாப்பாட்டுக்குக் கடை கடையாக ஏறி இறங்கினார். "தனியாவா வந்திருக்கீங்க? ரெண்டு பேருக்குக் குறைஞ்சு மேஜையில அடுப்பு வைக்கிறதில்லைங்களே" என்று திருப்பி அனுப்பினார்கள். தனி ஆளுக்கு நம் ஊரில் நூடுல்ஸ்தான் கதி என்று அறுபத்திரண்டாம் வயதில் தெரிந்துகொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒக்சுனிடமிருந்து செய்தி வந்தது. 'சனி ஞாயிறு குவாங்ஜுல இருக்கலாம். நான் திரும்பி வர்றதா வேண்டாமான்னு அங்க பேசி முடிவு பண்ணிக்கலாம். ரூம் போட்டுடுங்க. எங்க சாப்பிடறது, என்ன சாப்பிடறதுன்னு நீங்களே பாருங்க. என்னை எதுவும் கேக்காதீங்க.'

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதல் குழப்பம், குவாங்ஜு ஏன்? வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பக்கத்து ஊரில் போய் யாராவது ரூம் போட்டுத் தங்குவார்களா? வீட்டு வாசல் வரை வந்தும் உள்ளே வர மனமில்லை என்கிறாளோ? அல்லது, வாசல் வரை வந்துவிட்டேன், மீதியை நீ நடந்து வா என்கிறாளோ? இரண்டாவது குழப்பம் இதைவிடப் பெரியது. ரூம் என்றால் ஒன்றா, இரண்டா? பாழாய்ப்போன அந்தச் சொல்லில் எண்ணிக்கையே இல்லை. ஒன்று போட்டால், இன்னும் உரிமை கொண்டாடுகிறான் பார் என்பாள். இரண்டு போட்டால், சேர்ந்து இருக்க விருப்பமில்லை என்று நினைப்பாள். கேட்கவும் கூடாது. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் பயந்தவன் எடுக்கும் முடிவைத்தான் எடுத்தார். இரண்டு. அடுத்தடுத்த ரூம், நடுவில் ஒரு சுவர். சாப்பாட்டுக்கு மாட்டுத்தலை சூப் கடை ஒன்றைப் பார்த்து வைத்தார். 'சனி பன்னெண்டு மணி, குவாங்ஜு பஸ் நிலையம்' என்று செய்தி அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை போலக் காத்திருந்தார். 'சரி' என்று ஒற்றைச் சொல் வந்தது.

இதோ, சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறார். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். போன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க?" ஒக்சுனின் குரல். நான்கு மாதத்தில் முதல் தடவை.

"பஸ் நிலையத்துலதான். டிக்கெட் கொடுக்கற இடத்துக்கு முன்னாடி."

"நானும் அங்கதான நிக்கறேன்."

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆறு பேர் இருந்தார்கள். தூணுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

"எதிர்ல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"இச்சோன், யோஜு... பஸ் நேரம்தான்."

ஒக்சுன் மெதுவாக, "அட மனுசா," என்றாள். "நீங்க எந்த குவாங்ஜுவுல நிக்கறீங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாட்டில் குவாங்ஜு இரண்டு. எழுதினாலும் ஒன்று, சொன்னாலும் ஒன்று. இச்சோன்காரருக்குக் குவாங்ஜு என்றால் பக்கத்து ஊர். மோக்போவில் பிறந்தவளுக்கோ அது தெற்கே இருக்கும் பெருநகரம். உலகமே சனி ஞாயிறு போய்த் தங்குவது அந்தக் குவாங்ஜுவில்தான். மனைவி பிறந்த திசையில் ஒரு ஊர் இருப்பது அவர் புத்திக்கு எட்டவேயில்லை. அவமானத்தில் காது சுட்டது.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியாத ஒரு சத்தம் போனில் கேட்டது. அது அடங்கியதும், "அங்க ரூம் போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன்."

"எத்தனை?"

சாவிகள் பையில் உறுத்தின. பொய் சொல்லத் தோன்றியது. எதைச் சொன்னால் அது நல்ல பொய் என்றுதான் தெரியவில்லை. "ரெண்டு," என்றார்.

"ஓ."

அந்த 'ஓ'வை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. "நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டார்.

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்களே, அந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. "வரேன்," என்றார். "இப்பவே கிளம்பறேன். நாலு மணி நேரம் ஆகும். நீ பட்டினி கிடக்காத. போய் வாத்து சூப் சாப்பிடு. அந்த ஊர்ல அதுதான் நல்லாருக்கும். மக பிறந்தப்ப நீ கேட்டு அழுத. நான் வாங்கித் தரல."

"ஒருத்திக்குத் தரமாட்டாங்க."

"ரெண்டு பேருக்குன்னு சொல்லு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவு சொன்னதே அவருக்குப் பெரிய மலைப்பாக இருந்தது. பஸ் நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் சாவிகளின் ஞாபகம் வந்தது. விடுதிக்காரம்மாளைக் கூப்பிட்டு, பார்சலில் அனுப்பிவிடுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாமா? அப்ப சண்டை முடிஞ்சுதா?"

"தெரியலீங்க."

ஒன்றரை மணிக்கு ஒக்சுனிடமிருந்து ஒரு படம் வந்தது. கீழே, 'ரூம் போட்டாச்சு. நிதானமா வாங்க.'

ஒன்னா ரெண்டா என்று தட்டினார். அழித்தார். மறுபடி தட்டி, மறுபடி அழித்தார். பஸ் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கினார். நடுவில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கிண்ணத்தில் சோறு பாதி குறைந்திருந்தது. எதிரே ஆளில்லாத இடத்தில் ஒரு கரண்டியும் சாப்பிடும் குச்சிகளும் நேராக வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு சோற்றுக் கிண்ணம், எவர்சில்வர் மூடி திறக்காமல், விளிம்பெல்லாம் வேர்த்து நின்றது.