மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில்

மின்பொறியியல் முடித்த இரண்டு வருடத்தில் ஷைஜா வங்கித் தேர்வில் மூன்று முறை தோற்றிருந்தாள். நான்காவது முறைக்கு அப்பா யேசுரத்தினமே விண்ணப்பம் போட்டார். அதுவரை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள். "அடுத்து என்ன?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவாள்.

அன்று காலை பதினொரு மணிக்கு கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியும் லிஃப்ட் நகரவில்லை. உள்ளே கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண் தனியாக மாட்டியிருந்தாள். ஆஸ்துமாக்காரி. இன்ஹேலர் அறையில் இருந்தது. அதை எடுத்துவந்த கணவர் நான்காம் மாடிக் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். முதலில் பதில் வந்தது. பிறகு இழுப்புச் சத்தம் மட்டும்.

மேலாளர் குமாரதாஸ் கதவை நெம்பித் திறக்கக் கம்பிப்பாரையோடு ஓடிவந்தார். ஷைஜா குறுக்கே நின்றாள்.

"வேண்டாம் சார். லிஃப்ட் பாதில நிக்குது. இறங்கும்போ கால் தவறினா கீழ குழிதான்."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? அந்தம்மா செத்துப்போவாங்க!"

லிஃப்ட் மெக்கானிக் முருகதாஸ் நாகர்கோவிலில் இருந்தார். வர முக்கால் மணி நேரமாகும். போனில் சொன்னார்: "மெயின ஆஃப் பண்ணு. ஒருத்தர் பிரேக்க விடணும், இன்னொருத்தர் சக்கரத்தச் சுத்தணும். பைய, ரொம்பப் பைய."

ஷைஜாவும் குமாரதாஸும் மொட்டைமாடியிலிருந்த இயந்திர அறைக்கு ஏறினார்கள். ஷைஜா மெயினை அணைத்தாள். குமாரதாஸ் பிரேக் கம்பியைப் பிடித்தார்.

"உள்ள ஒரு ஆள்தான் சார். மறுபக்கம் தொங்குத எடைக்கல்லுதான் கனம். விட்டதும் லிஃப்ட் மேல ஓடப் பாக்கும், நான் பிடிச்சுக்கிடுகேன். நிறுத்துன்னா உடனே கம்பிய விடுங்க, பிரேக் பிடிச்சுக்கிடும்."

பிரேக் தளர்ந்ததும் சக்கரம் அவள் கையைப் பிய்த்துக்கொண்டு சுழன்றது.

"நிறுத்துங்க!"

உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள். இம்முறை சாண் சாணாக விட்டாள். கயிற்றில் நான்காம் மாடிக்கான மஞ்சள் அடையாளம் கோட்டுக்கு வந்ததும் பிரேக்கைப் பூட்டச் சொல்லிவிட்டு, லிஃப்ட் கதவுச் சாவியோடு கீழே ஓடினாள்.

கதவு திறந்தபோது அந்தப் பெண் தரையில் சரிந்து கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. கணவர் இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார். இரண்டு முறை. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில் நெஞ்சு ஏறி இறங்கியது.

முருகதாஸ் வந்து கோளாறைத் தேடிய ஒரு மணி நேரமும் ஷைஜா மேசைக்குத் திரும்பவில்லை. அவர் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "உங்க கம்பெனில பெண்ணுகள எடுப்பாங்களா அண்ணே?" என்றாள்.

"இதுவரை யாரும் கேட்டதில்ல. கேட்டுப் பாரு."

மாலையில் புதுக்கடையிலுள்ள வீட்டில் அவள் இதைச் சொன்னதும் அப்பா வெடித்தார். "இன்ஜினியரிங் படிச்ச பிள்ள கிரீஸ் பூசிட்டுத் திரியவா? பரீட்சைய எழுது மக்ளே."

"எழுத மாட்டேன்ப்பா."

அவரிடம் அவள் மறுத்துச் சொன்னது அதுவே முதல்முறை. சொன்னதை மாற்றவும் இல்லை.

லிஃப்ட் கம்பெனியில் அவளை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பா மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காவது வாரம் ஒருநாள், சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"அவ்வளவு ஒயரத்துல நிக்கும்போ பேடியா, பயமா இருக்காதா?"

"இருக்கும்ப்பா" என்றாள் ஷைஜா.