ஏழில் நின்ற முள்

டிரைவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் அங்கேயே நின்று எண்ணிப் பார்ப்பார். மழை வருகிறது என்று யாராவது சொன்னால், வெளியே வந்து தானே வானத்தைப் பார்த்த பிறகுதான் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பார். அதற்குள் துணி நனைந்திருக்கும்.

காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, வீடு மாற்றுகிறவர்களுக்குக் கட்டில் பீரோ ஏற்றிப் போய் இறக்குவது தொழில். அந்த வேன் ஒரு நாள் மேட்டுச் சாலையில் ஏறும்போது வெள்ளைப் புகை கக்கி, ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற தகடு அது. அது போனால் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போகும்.

பட்டறையில் விடுவாரா மனுஷன்? நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானை மாட்டிவிடுவான் என்று சொல்லி, வீட்டு வாசலிலேயே சீட்டைத் தூக்கி இஞ்சினைப் பிரித்தார். கைக்கணக்கில் போல்ட்டை முறுக்கி மூடினார். மறுபடி மேட்டில் புகை. கைக்கணக்கு ஒத்துவராது என்று மனைவியின் தம்பி தன் பழைய இரும்புக் கடைக் குவியலிலிருந்து ஒரு டார்க் ரெஞ்ச் எடுத்துக் கொடுத்தான். எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணை, இந்த வண்டிக்கு ஏழு, திருப்பி வைத்தால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும், அத்தோடு நிறுத்த வேண்டும், இதுதான் விஷயம் என்றான். டிரைவர் அதன் கைப்பிடியில் வாட்டமாக ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இழு இழு என்று இழுத்தார். ‘டக்’ வரவே இல்லை. கடைசி போல்ட் கழுத்தொடிந்து கையோடு வந்ததுதான் மிச்சம்.

ஒடிந்த துண்டு நல்லவேளையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லேத் பட்டறைக்காரர் வந்து அதை எடுத்துக் கொடுத்து, ஹெட்டையும் கடைந்து கொடுத்தார். மிச்ச போல்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாம் கழுத்து மெலிந்து கிடந்தன. இதை முறுக்கியது மனுஷனா மாடா என்று கேட்டார். புது போல்ட் போடுங்கள், ஆனால் இந்தத் தடவை உள்ளே ஒடிந்தால் பிளாக், இஞ்சினின் உடம்பே, போச்சு, வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

மனைவி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி சாப்பாடு போடும்போது குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“இன்னொரு தரம் புகைஞ்சுதுன்னா தம்பி வந்து இழுத்துட்டுப் போகட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

வேன் போனால் அவர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருக்கிறவனை நாற்காலியோடு சேர்த்துத் துடைப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

சந்தேகமெல்லாம் மச்சினன் மேல்தான். வேனை எடைக்கு எடுக்கிறவன் அவன். ரெஞ்ச் கொடுத்ததும் அவன். வேண்டுமென்றே பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டினால் போதுமா, நிரூபிக்க வேண்டாமா? லேத்காரரிடம் போய், இந்த ‘ஏழு’ என்கிறார்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். ஒரு மீட்டர் நீளக் கம்பியைப் படுக்க வைத்து, நுனியில் ஏழு கிலோவைத் தொங்கவிட்டால் என்ன இழுப்போ அதுதான் ஏழு. அரை மீட்டர் கம்பி என்றால் பதினாலு கிலோ. கம்பிக்கும் சொந்தக் கனம் இருக்கிறது, அதற்காக ஒரு குவளைத் தண்ணீர் குறைத்துக்கொள் என்றார்.

“இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை எண்ணு போட்டு விக்கிறான்?” என்று டிரைவர் தண்ணீர் கேனைத் தேடிப் போனார்.

மறுநாள் சாமான் கடைக்குப் போனபோது ஒரு கையில் கேன், ஒரு கையில் குவளை, கக்கத்தில் மச்சினன் கொடுத்த ரெஞ்ச். கடையில் சண்டை வந்தால் விலக்கிவிட ஆள் வேண்டுமே என்று மனைவியும் கூடவே வந்தாள். கடைக்காரம்மா வாய்க்காரி. ரெஞ்ச் வேண்டும் என்றதும் பளபளவென்று ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சான்றிதழைக் காட்டினாள். காகிதம் போல்ட்டை முறுக்குமா என்று டிரைவர் கேட்டார். தராசைக் கொண்டா, வைஸைக் காட்டு என்றார். ஆணி நிறுக்கிற தராசு இருந்தது, கல்லாப் பக்கத்தில் சாமானைக் கவ்விப் பிடிக்கிற வைஸும் இருந்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரியவர் ரெஞ்ச் வாங்க வந்தாரா கடையையே வாங்க வந்தாரா என்று கேட்டாள்.

கேனைத் தண்ணீரோடு தராசில் நிறுத்து, எந்த இடத்தில் கணக்கு சரியாக வருகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். தண்ணீரைக் கொட்டினார். முதலில் மச்சினன் கொடுத்ததை வைஸில் படுக்கவாட்டில் பிடித்து, ஏழில் வைத்து, அரை மீட்டரில் கேனைத் தொங்கவிட்டார். திருட்டுச் சாமானின் வண்டவாளம் நாலு பேர் முன்னால் வெளியே வரட்டும் என்று ஆணி வாங்க வந்தவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். குவளை குவளையாக ஊற்றினார். கண் கேனில் போட்ட கோட்டை விட்டு நகரவில்லை. தண்ணீர் கோட்டைத் தொட்டது. தாண்டியது. இன்னும் ஒரு குவளை ஊற்றினார்.

“பாத்தீங்களா எல்லாரும்? சத்தமே இல்ல. பொய்ச் சாமான்.”

ஆணி வாங்க வந்தவர் கடைக்காரம்மாவைப் பார்த்தார், அவள் டிரைவரின் மனைவியைப் பார்த்தாள். மனைவி பக்கத்தில் வந்து, அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

“வந்துச்சுங்க. தண்ணி கோட்டுக்கு வந்ததும் டக்குன்னு வந்துச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு.”

“எனக்குக் கேக்கலயே.”

“அன்னைக்கும் வந்துச்சு. அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சு, ஒவ்வொரு போல்ட்டுக்கும். நீங்க நிறுத்தாம இழுத்துக்கிட்டே இருந்தீங்க. நான் அது அப்படித்தான் செய்யற வேலை போலன்னு இருந்துட்டேன்.”

வாழ்நாள் முழுக்க இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய காது. இத்தனை நாளாக ஊர்தான் முணுமுணுக்கிறது என்று நினைத்திருந்தார். கையாவது சொல்லியிருக்கும், அதையும் அந்தக் குழாய் விழுங்கிவிட்டது. வேறொருத்தராக இருந்தால் ரெஞ்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். டிரைவர், பெண்டாட்டி சொன்னாள் என்பதற்காகக் காது செவிடு என்று ஒப்புக்கொள்கிற ரகமா? கேனைக் காலி செய்து மறுபடி ஊற்றச் சொன்னார். இந்தத் தடவை கண்ணை மூடி, விரல் நுனியை ரெஞ்சின் கழுத்தில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கோட்டுக்கு வந்தபோது விரலுக்கடியில் நாடி மாதிரி ஒன்று துள்ளியது.

“சாமான் யோக்கியம்” என்றார். கொஞ்சம் கழித்து, “மாப்ளையும் யோக்கியன்தான்” என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டை மனைவி மட்டும்தான் பார்த்தாள்.

ஆனாலும் சீட்டுக்கடியில் குனிந்துகொண்டு விரலால் நாடி பிடித்துக்கொண்டிருக்க முடியாது. கடைக்காரம்மா எண் காட்டுகிற பேட்டரி ரெஞ்சை நீட்டினாள். அமுக்கினாள், எண் வரவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாள். என் போல்ட்டுக்கு நடுவிலே தீர்ந்தால் நீ வந்து எண் சொல்லுவியா என்று டிரைவர் கேட்டார். அவள் அதைப் பெட்டியில் திருப்பி வைத்தாள்.

அப்போதுதான் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்த ஒன்றைப் பார்த்தார். தடித்த கம்பி ஒன்று, அதை ஒட்டி மெல்லிசாக இன்னொரு கம்பி, கைப்பிடிக்குப் பக்கத்தில் எண் போட்ட தகடு. இழுக்கும்போது தடித்தது வளையும், மெல்லிசு வளையாமல் நிற்கும், அதன் முனை முள் மாதிரி எண்ணைக் காட்டும். ஸ்பிரிங் இல்லை, பேட்டரி இல்லை, ஒளித்து வைக்க உள்ளே இடமே இல்லை. இப்போதெல்லாம் இதை யாரும் கேட்பதில்லை என்று கடைக்காரம்மா சொல்லிப் பார்த்தாள்.

வைஸில் பிடித்தார். பாதித் தண்ணீரில் முள் பாதியில் நின்றது. கோடு வரைக்கும் ஊற்றினார். நேராகக் குனிந்து பார்த்தார், ஏழு. கேனைக் கழற்றினார், முள் பூஜ்யத்துக்கு வந்து உட்கார்ந்தது. மறுபடி தொங்கவிட்டார், மறுபடி ஏழு. இன்னொரு தரம் செய்யப் போனவரைக் கடைக்காரம்மா கும்பிட்டுத் தடுத்து, பெரியவரே, தண்ணீரைத் துடைக்க எனக்கு ஆள் இல்லை என்றாள். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மனைவி பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

அதையே வாங்கி வந்து, வீட்டில் புது கேஸ்கெட் போட்டு ஹெட்டை வைத்து, புது போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசை தப்பாமல் முறுக்கினார். முதல் சுற்று மூன்று, அடுத்தது ஐந்து, கடைசியில் ஏழு. குழாயைத் தொடவில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் தலையை முள்ளுக்கு நேர் மேலே கொண்டுபோய்ப் பார்த்தார். கடைசி போல்ட்டில் முள் ஏழில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் என்றது கை. அந்தக் கைக்கு ஒரு வசவு வைத்துவிட்டு ரெஞ்சைக் கழற்றினார்.

விடுமுறை நாளில் மச்சினன் கயிறோடு வந்து நின்றான். புகைந்தால் இழுத்துப் போ என்று அக்கா சொல்லியிருந்தாள், வந்தேன், என் மேல் தப்பில்லை என்றான். வெறும் வண்டி எந்த மேட்டிலும் ஏறும் மாமா, என் கடை இரும்பை ஏற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள், நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றும் சொன்னான். டிரைவர் பின்கதவைத் திறந்துவிட்டு, ஏற்று மாப்ள என்றார். அவன் கொஞ்சநஞ்சமா ஏற்றினான்? உடைந்த கிணற்று உருளை, தண்டவாளத் துண்டு, கேட் கம்பி என்று பின்சக்கரம் அமுங்கும் வரைக்கும் போட்டான். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

மேடு தொடங்கியது. முன்பு கொதித்த இடம் வந்தது. மச்சினன் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான், மனைவி கண்ணாடியில் பின்னால் புகை வருகிறதா என்று பார்த்தாள். டிரைவர் கியரை இறக்கி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். தாழ்வாரங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சூட்டு முள் நடுவில் போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். முக்கி முனகி, ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல், வேன் அத்தனை இரும்போடும் தொட்டிக்கு அடியில் போய் ஏறி நின்றது.

மச்சினன் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினான். சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தான், கை காய்ந்திருந்தது. முன்னால் வந்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான், தண்ணீர் கலந்த வெள்ளையே இல்லை. கயிற்றை எடுத்து இரும்புக் குவியல் மேல் எறிந்தான்.

“சும்மா சொல்லக் கூடாது மாமா. வண்டி வண்டிதான்.”

டிரைவர் இறங்கவே இல்லை. எதையும் தொட்டுப் பார்க்கவும் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மேட்டுக்குக் கீழே தெரிந்த தெருக்களையெல்லாம் தானே போட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், தம்பி கடையில் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

“இறக்கலாம், என்ன அவசரம்” என்றார். “அந்தப் பக்கத்து மேடு இதைவிடச் செங்குத்து. அதையும் ஒரு தரம் ஏறிட்டுப் போவோம். டேய் மாப்ள, ஏறு.”