படத்தின் விவரம்

வாசலில் பந்தல்காரர்கள் கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோது, பிரைட்டன் அக்காவின் கைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். திரை கரியாக இருந்தது. அக்கா விஜிலா திரையை எப்போதும் அணைத்தேதான் வைத்திருப்பாள். "எனக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு நான் எதுக்குலே சார்ஜ் போடணும்?" என்பாள். ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் கைபேசி படபடவென்று பேசியது, அவளுக்கு மட்டும் பிடிபடுகிற வேகத்தில். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது? திரையை ஒளிரவைத்தான், குரலை நிறுத்தினான்.

விஜிலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. காலை ஆறு மணிக்குக் காபி கேட்டவள், காபி வருவதற்குள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். இதயம் என்றார் டாக்டர். மாலை நாலரைக்கு அடக்கம்.

"அவ கூட்டாளிகளுக்குச் சொல்லிட்டியாலே?" அம்மா ஞானபாய் காலையிலிருந்து இதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் அழவில்லை. "அவுக வராம பெட்டிய மூடக் கூடாது, கேட்டியா?"

கூட்டாளிகள் என்றால் பார்வையற்றோர் பள்ளியில் அவளோடு படித்த பன்னிரண்டு பேர். வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஏரல், நாசரேத், சாத்தான்குளம் என்று சிதறிக் கிடக்கிறவர்கள். பஸ் மாறி, யாரிடமாவது விசாரித்து மாப்பிள்ளையூரணிக்கு வந்து சேர வேண்டும். நேரத்தோடு சொன்னால்தான் உண்டு. ஊருக்கெல்லாம் அனுப்பிய இரங்கல் போஸ்டரையே பிரைட்டன் அக்காவின் கைபேசியிலிருந்து அந்தக் குழுவுக்கும் அனுப்பினான். முகம், பெயர், நேரம், முகவரி எல்லாம் அதில் இருந்தது. ஒரு வேலை முடிந்தது என்று கைபேசியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பதினொன்றரைக்கு அம்மா மறுபடி ஆரம்பித்தாள். "ஒருத்தரும் ஒரு போன்கூடப் போடலியே."

எடுத்துப் பார்த்தான். ஏரல் கிருபாபாயிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. ஐஸ் பெட்டியின் பக்கத்தில் நின்றபடியே தட்டினான். ஒரு பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"ஏளா விஜிலா! படம் அனுப்புனா என்ன படம்னு ஒரு வரி எழுதுங்கன்னு ஊரோட சண்ட போடுவ. இப்ப நீயே வெறும் படத்த அனுப்பிட்டு கம்முன்னு இருக்க. என் போனு 'படம்'னு மட்டும் சொல்லுது. என்னளா, மாப்பிள்ள போட்டோவா?"

பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அவனையே பார்த்தார்கள்.

விஜிலாவின் தொழிலே அந்தச் சண்டைதான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே செயலிகளைச் சோதித்து, கண் தெரியாதவர்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று எழுதிக் கொடுப்பாள். துறைமுகத்து ஏஜென்சி ஒன்றுக்காகத் தம்பி செய்த செயலியையும் அவள் விட்டுவைக்கவில்லை. "பட்டன், பட்டன், பட்டன்னு சொல்லுது. எந்தப் பட்டன்லே? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சா கை தேஞ்சிருமா?" "அடுத்த வெர்ஷன்ல போட்டுருதேன்க்கா" என்பான். மூன்று வருடமாக அடுத்த வெர்ஷன். சம்பளம் கொடுக்கிறவன் கேட்காததை அக்கா கேட்டால் செய்துவிடுவானா? இன்று அவள் செத்ததையும் அதே லட்சணத்தில்தான் அனுப்பியிருக்கிறான்.

கொல்லைப்பக்கம் போய்க் குரல் செய்தி பதிந்தான். "நான் பிரைட்டன் பேசுதேன். விஜிலாவோட தம்பி." அழுதான். அழித்துவிட்டு மறுபடி பதிந்தான். "அது சாவு போஸ்டர். அக்கா காலைல இறந்துட்டா. நாலரைக்கு அடக்கம். வீட்டுக்கு வாங்க. நீங்க வாரது வரைக்கும் பெட்டிய மூட மாட்டோம். முதல்லயே வாயால சொல்லியிருக்கணும். தப்புதான்."

குழுவிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

நாலரை தாண்டியது. உடலை மரப்பெட்டிக்கு மாற்றியாகிவிட்டது. பாஸ்டர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஞானபாய் பெட்டியின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நாலே முக்காலுக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஏழு பேர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். முன்னால் கிருபாபாய். காலையில் சிரித்த அதே குரல்.

"எங்கன இருக்கா, தம்பி?"

இங்கதான் என்று சொல்ல வாயெடுத்தான். சட்டென்று திருத்திக்கொண்டான். "ரெண்டு எட்டு முன்னால. உங்க இடது கைப்பக்கம் தலை."

கிருபாபாய் வந்து பெட்டியைத் தொட்டாள். மற்றவர்கள் அவள் பின்னால் நெருங்கி நின்றார்கள். "எப்பிடி இருக்கா? சொல்லு."

"நீலச் சேல. கைல வெள்ளப் பூ."

"மூஞ்சி?"

காலையிலிருந்து அவன் அந்த முகத்தைப் பார்க்காமல்தான் ஓடிக்கொண்டிருந்தான். பந்தல், பூ, போஸ்டர் என்று வேலைக்கா பஞ்சம்? போஸ்டரில் இருந்ததுகூடப் பத்து வருடத்துக்கு முந்தைய படம். இப்போது குனிந்து பார்த்தான்.

"வாய் லேசா தொறந்திருக்கு. துணி வச்சுக் கட்டிப் பாத்தோம், மூடல. நெத்தியில சுருக்கம் இல்ல. இடது புருவத்துல ஒரு நரை இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"நரையா? எங்ககிட்ட அவ சொல்லவே இல்லியே."

"அவளுக்குத் தெரியாது" என்றான் பிரைட்டன். "நான் சொன்னதில்ல."

கிருபாபாயின் விரல் விஜிலாவின் நெற்றியிலிருந்து இறங்கி, புருவத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் தடவியது. மறுபடியும் தடவியது.

"எந்த இடத்துல, தம்பி?"

பிரைட்டன் அந்த விரலைப் பிடித்து, அந்த ஒற்றை முடியின் மேல் வைத்தான்.